உடல் இயக்கமும் இதய நலமும்

உடல் இயக்கம் என்பது எலும்புத்தசைகள் சுருங்கி விரிவதால் உடல் அசைவதையும், அதற்கு ஆற்றல் செலவாவதையும் குறிக்கும். நடத்தல், மிதிவண்டி ஓட்டுதல், களை பறித்தல், தண்ணீர் சுமத்தல், படியேறுதல், விளையாடுதல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றுள் உடல் நலத்தைப் பேணும் நோக்கத்துடன் திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் செய்யப்படுவது உடற்பயிற்சி எனப்படும். ஒழுங்கான உடல் இயக்கம் மாரடைப்பு, பக்கவாதம், உயர் குருதியழுத்தம், இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவை ஏற்படும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பது 1950களில் தொடங்கிப் பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகளால் தெரியவந்துள்ளது.

தமிழ்நாட்டில் உடல் இயக்கத்தின் பெரும்பகுதி விளையாட்டாகவோ பயிற்சியாகவோ இன்றித் தொழிலின் பகுதியாகவே இருந்து வந்துள்ளது. தொழில்முறைகள் மாறும்போது அந்த இயக்கமும் குறைகிறது. அதனை ஈடுசெய்யும் உடற்பயிற்சிப் பழக்கம் அதே வேகத்தில் பரவவில்லை. எரியோடு போன்ற சிறு பேரூர்களிலும் இதய நோயைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம் ஆகும்.

இதயத்தின் வேலை

இதயம் ஒரு தசை உறுப்பு ஆகும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த ஒருவரின் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒரு நாளில் இது ஏறத்தாழ ஓர் இலட்சம் துடிப்புகள் ஆகும். ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலீட்டர் குருதி வெளியேற்றப்படுகிறது. எனவே நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லீட்டர் குருதி உடலெங்கும் செலுத்தப்படுகிறது. கடும் உழைப்பின்போது இந்த அளவு நான்கு அல்லது ஐந்து மடங்காக உயரக்கூடும்.

இதயம் தன் அறைகளில் நிறைந்துள்ள குருதியிலிருந்து நேரடியாகப் போதிய ஆக்சிசனைப் பெறுவதில்லை. பெருந்தமனியின் தொடக்கத்தில் கிளைக்கும் முடியுருத் தமனிகள் வழியாகவே இதயத் தசைக்குக் குருதி கிடைக்கிறது. இத்தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு படிந்து அவை குறுகுவது முடியுருத் தமனி நோய் ஆகும். இப்படிவு வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து, தமனி அடைபடும்போது மாரடைப்பு ஏற்படுகிறது.

நன்மைகள் ஏற்படும் விதம்

உடல் இயக்கம் இதய நோயை ஒரே வழியில் தடுப்பதில்லை. ஒன்றோடொன்று தொடர்புடைய பல மாற்றங்கள் உடலில் ஏற்படுகின்றன.

இதயத் தசை: தொடர்ந்து பயிற்சி செய்பவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியை வெளியேற்றுகிறது. இதனால் ஓய்வு நேரத்தில் குறைந்த துடிப்புகளே போதுமானவை ஆகின்றன. நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள் சிலரின் ஓய்வுத் துடிப்பு நிமிடத்திற்கு 50க்கும் கீழே இருப்பது இதன் விளைவாகும். துடிப்பு குறையும்போது இதயம் விரிந்த நிலையில் இருக்கும் நேரம் நீள்கிறது. முடியுருத் தமனிகளுக்குள் குருதி பெரும்பாலும் அந்நேரத்திலேயே பாய்கிறது.

குருதிக்குழாய்கள்: குருதி விரைவாக ஓடும்போது குழாயின் உட்படலத்தில் ஏற்படும் உராய்வு, அப்படலத்தை நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. இப்பொருள் குழாயைத் தளரச் செய்து விரிவாக்குகிறது. இயக்கம் ஒழுங்காக இருக்கும்போது தமனிகள் நெகிழ்ச்சியுடன் இருக்கின்றன.

குருதியழுத்தம்: ஒரு முறை நடந்து முடித்த பின்னரும் சில மணி நேரம் குருதியழுத்தம் தாழ்ந்திருக்கும். உயர் குருதியழுத்தம் உள்ளவர்கள் தொடர்ந்து நடத்தல், மிதிவண்டி ஓட்டுதல் போன்றவற்றைச் செய்தால் சுருக்க அழுத்தம் பொதுவாக 5 முதல் 8 மி.மீ. பாதரசம் வரை குறைகிறது. இது ஒரு மாத்திரையின் பயனுடன் ஒப்பிடத்தக்கது. எனினும் மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்துவதற்கு இது காரணம் ஆகாது.

சர்க்கரையும் கொழுப்பும்: இயங்கும் தசை, இன்சுலினின் உதவி குறைவாக இருக்கும்போதும் குருதியிலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். பயிற்சிக்குப் பின் இன்சுலினுக்கு உடல் நன்கு பதிலளிக்கும் நிலை ஓரிரு நாட்கள் வரையே நீடிக்கிறது. இதனால் நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விடலாகாது என்று அறிவுறுத்தப்படுகிறது. குருதியிலுள்ள டிரைகிளிசரைடு குறைவதும், நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். சற்று உயர்வதும் மற்ற பயன்கள் ஆகும்.

உடல் எடை குறையாவிட்டாலும் இம்மாற்றங்களிற் பெரும்பாலானவை நிகழ்கின்றன. சில வாரங்கள் நடந்தும் எடை குறையவில்லை என்று பயிற்சியைக் கைவிடுவோர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

ஆய்வு வரலாறு

இத்துறையின் முன்னோடி ஆய்வு இலண்டன் பேருந்துகளில் நடைபெற்றது. பிரித்தானிய மருத்துவர் செரமி மோரிசும் அவருடைய குழுவினரும் இலண்டன் போக்குவரத்துப் பணியாளர்கள் சுமார் 31,000 பேரை ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டனர். இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, அமர்ந்தே பணி செய்த ஓட்டுநர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது. இருவரும் ஒரே நிறுவனத்தில் ஒரே வண்டியில் பணிபுரிந்தவர்கள் என்பதால் இவ்வொப்பீடு கவனத்தை ஈர்த்தது. நடந்து கடிதம் வழங்கிய அஞ்சற்காரர்களையும் அலுவலக எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் இதே போக்கு தெரிந்தது.

எனினும் இயல்பாகவே பருமனானவர்கள் ஓட்டுநர் பணியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. மோரிசு குழுவினரே பணியாளர் சீருடைகளின் அளவுகளை ஆராய்ந்து, ஓட்டுநர்களின் இடுப்பளவு பணியில் சேரும்போதே கூடுதலாக இருந்ததை 1956இல் வெளியிட்டனர். எனவே வேறுபாடு முழுவதற்கும் பணி மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியவில்லை. இவ்வையத்தைத் தீர்ப்பதற்காகப் பிற ஆய்வுகள் தொடர்ந்தன. அமெரிக்காவில் இரால்ப் பாஃபன்பார்கர் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் சுமார் 17,000 பேரை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்திற்கு 2,000 கிலோகலோரிக்குக் குறைவாக இயக்கத்தில் செலவிட்டவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 64 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மாணவப் பருவத்தில் விளையாட்டு வீரராக இருந்து பின்னர் விட்டுவிட்டவர்களுக்குப் பழைய விளையாட்டு பாதுகாப்பு அளிக்கவில்லை என்பதும் இதில் தெரிந்தது.

இயக்கமின்மையின் தீங்கைக் காட்டியது 1966இல் அமெரிக்காவின் தாலசு நகரில் நடந்த ஆய்வு ஆகும். இருபது வயது இளைஞர்கள் ஐவர் மூன்று வாரங்கள் படுக்கையில் இருத்தப்பட்டனர். அவர்களுடைய உடல் ஆக்சிசனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரைச் சோதித்தபோது, மூப்பினால் ஏற்பட்ட இழப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கையினால் ஏற்பட்ட இழப்பே பெரிது எனத் தெரிந்தது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

தெற்காசியர்களுக்கு மாரடைப்பு இளம் வயதிலேயே ஏற்படுகிறது. 52 நாடுகளில் நடைபெற்ற இன்டர்ஆர்ட் ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2007இல் வெளியான கட்டுரையின்படி, முதல் மாரடைப்பின் இடைநிலை வயது தெற்காசிய நாடுகளில் 53 ஆகவும் பிற நாடுகளில் 58.8 ஆகவும் இருந்தது. அதே ஆய்வில், நோயற்றவர்களுள் ஒழுங்காக உடற்பயிற்சி செய்தோர் தெற்காசியாவில் 6.1 விழுக்காட்டினர் மட்டுமே. பிற நாடுகளில் 21.6 விழுக்காட்டினர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் தமிழ்நாடு, மகாராட்டிரம், சார்க்கண்டு, சண்டிகர் ஆகியவற்றில் 14,227 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில் 54.4 விழுக்காட்டினர் போதிய இயக்கம் இல்லாதவர்களாக இருந்தனர். நகரங்களில் இது 65 விழுக்காடு, ஊர்ப்புறங்களில் 50 விழுக்காடு ஆகும். ஓய்வு நேரத்தில் விளையாட்டு அல்லது உடற்பயிற்சியில் ஈடுபட்டோர் பத்து விழுக்காட்டிற்கும் குறைவு. ஊர்ப்புறத்தவர்களிலும் பாதிப்பேர் போதிய இயக்கமின்றி இருந்தது, உழைப்பு என்றால் ஊர்ப்புறம் என்ற பொதுவான எண்ணத்திற்கு மாறானது. உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் போதிய இயக்கமற்ற வளர்ந்தோர் 2000இல் 22.3 விழுக்காடாக இருந்து 2022இல் 49.4 விழுக்காடாக உயர்ந்தனர். ஆண்களைவிடப் பெண்களிடம் இக்குறைபாடு கூடுதலாகும்.

இந்நிலை மாற்றக்கூடியதே என்பதற்குச் சென்னையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நீரிழிவு மருத்துவர் வி. மோகன் தலைமையிலான குழு, 1990களின் பிற்பகுதியில் திருமங்கலம் ஆசியாடு குடியிருப்பில் ஆய்வு நடத்தி, அதன் முடிவுகளைக் குடியிருப்போரிடம் விளக்கியது. அதன்பின் மக்களே பொருள் திரட்டி ஒரு பூங்காவை அமைத்தனர். வாரத்திற்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்ததாக 2006இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அறிவுரையுடன் நடப்பதற்கு ஏற்ற இடமும் கிடைத்தபோதே பழக்கம் மாறியது என்பது இதன் சிறப்பு.

திண்டுக்கல் வட்டாரம்

எரியோடு, திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி ஆகும். திண்டுக்கல் - கரூர் இருப்புப்பாதையில் இங்கு ஒரு தொடர்வண்டி நிலையம் உள்ளது. சுற்றுப்புறம் மழை குறைந்த சமவெளி. கிணற்றுப் பாசனமும் மானாவாரிப் பயிரும் இங்கு வேளாண்மைக்கு அடிப்படையாக உள்ளன. வேடசந்தூர்ப் பகுதியில் நூற்பாலைகளும் பலருக்கு வேலை அளிக்கின்றன.

இத்தகைய ஊர்களில் உடல் இயக்கம் குறைந்த விதத்தை அன்றாட வாழ்விலேயே காணலாம். கமலையில் நீர் இறைத்த இடத்தில் மின் இறைப்பி வந்துள்ளது. ஏர் உழவின் பெரும்பகுதியை உழுவை இயந்திரம் எடுத்துக்கொண்டது. உரலும் அம்மியும் இருந்த இடத்தில் மின் அரைப்பான்கள் உள்ளன. பக்கத்து ஊருக்கு நடந்தோ மிதிவண்டியிலோ சென்றவர்கள் இப்போது இரு சக்கர உந்துகளில் செல்கின்றனர். இவை கடும் உழைப்பின் துன்பத்தைக் குறைத்தன. அவற்றை விட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று எவரும் கூறுவதில்லை. ஆனால் அவற்றுடன் இழந்த இயக்கத்தை வேறு வழியில் பெறாவிட்டால், முன்னோரின் உணவு அளவும் இன்றைய உழைப்பு அளவும் பொருந்தாமற் போகின்றன.

இவ்வட்டாரத்தில் நடத்தலுக்கு ஒரு பண்பாட்டு அடிப்படையும் உள்ளது. தைப்பூசம், பங்குனி உத்திரம் ஆகிய விழாக்களின்போது பெருந்திரளானோர் பழனிக்குப் பாதயாத்திரை செல்கின்றனர். செட்டிநாட்டிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாக நடந்து செல்வோரும் இவர்களுள் அடங்குவர். பழனி மலைக்கு இழுவை ஊர்தியும் கம்பிவட ஊர்தியும் இருந்தபோதும் பலர் படிவழியாகவே ஏறுகின்றனர். எனினும் பயிற்சியால் பெற்ற உடற்திறன், பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒரு முறை பல நாட்கள் நடப்பது இதயத்திற்கு ஆண்டு முழுவதற்குமான பாதுகாப்பு ஆகாது. முன்பயிற்சியின்றித் திடீரென நெடுந்தொலைவு நடப்பது இதய நோய் உள்ளவர்களுக்குத் தீங்காகவும் அமையலாம். யாத்திரைக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே நாள்தோறும் நடக்கத் தொடங்கி, யாத்திரைக்குப் பின்னும் அதனைத் தொடர்வது இரு வகையிலும் பயன் தரும்.

தொழில்சார் உழைப்பு போதுமா?

வயலிலும் ஆலையிலும் உழைப்பவருக்குத் தனியாக உடற்பயிற்சி தேவையா என்பது அடிக்கடி எழும் வினா ஆகும். இதற்கு ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை.

இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,30,000 பேரைத் தொடர்ந்து கவனித்த பியூர் ஆய்வு 2017இல் வெளியானது. வாரத்திற்கு 150 நிமிடங்களுக்குக் குறையாமல் இயங்கியவர்களின் இறப்பு வாய்ப்பு 28 விழுக்காடும், இதயக் குருதிக்குழாய் நோய் வாய்ப்பு 20 விழுக்காடும் குறைவாக இருந்தன. பணி, பயணம், வீட்டு வேலை ஆகியவற்றில் ஏற்படும் இயக்கமும் ஓய்வு நேர உடற்பயிற்சியைப் போலவே பயன் அளித்தது என்பது இதன் முடிவு.

இதற்கு மாறாக, தென்மார்க்கில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோரிடம் நடைபெற்று 2021இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேர இயக்கம் இதய நோய் வாய்ப்பைக் குறைத்தது. கடினமான தொழில் உழைப்பு அதனைக் கூட்டியது. பல மணி நேரம் நிற்றல், சுமை தூக்குதல், போதிய ஓய்வின்மை ஆகியவற்றால் குருதியழுத்தம் நாள் முழுவதும் உயர்ந்திருப்பது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. உழைப்பாளர்களின் வருமானம், புகைப்பழக்கம் போன்ற காரணிகளும் இதில் கலந்திருக்கலாம்.

இவற்றிலிருந்து நடைமுறைக்கு உதவும் முடிவு ஒன்றைப் பெறலாம். மூச்சும் துடிப்பும் உயரும்படி கைகால்கள் மாறி மாறி அசையும் வேலை, அதாவது வரப்பில் நடத்தல், மண்வெட்டியால் வெட்டுதல் போன்றவை, இதயத்திற்கு நன்மை தரும் இயக்கமாகும். இயந்திரத்தின் முன் அசையாமல் எட்டு மணி நேரம் நிற்பது களைப்பைத் தரும். ஆனால் அதே அளவு நன்மையைத் தராது. களைப்பையும் பயிற்சியையும் ஒன்றாகக் கருதலாகாது. அவ்வாறான பணியில் உள்ளோர் ஓய்வு நேரத்தில் மிதமான நடையை மேற்கொள்ளலாம்.

பரிந்துரைக்கப்படும் அளவு

உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி:

- வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான இயக்கத்தில் ஈடுபட வேண்டும். அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான இயக்கத்தில் ஈடுபட வேண்டும்.
- வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும்.
- 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் இயங்க வேண்டும்.
- முதியோர் விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.
- அமர்ந்திருக்கும் நேரத்தை அனைவரும் குறைக்க வேண்டும்.

விரைவாக நடத்தல், சமதரையில் மிதிவண்டி ஓட்டுதல், தோட்ட வேலை ஆகியவை மிதமான இயக்கங்கள். ஓடுதல், சடுகுடு, கால்பந்து, சுமையுடன் மேடேறுதல் ஆகியவை கடுமையானவை. கருவி ஏதும் இன்றி அளவை அறிய ஓர் எளிய வழி உண்டு: மிதமான இயக்கத்தின்போது பேச முடியும், பாட முடியாது, கடுமையான இயக்கத்தின்போது சில சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேசவும் முடியாது.

ஒரே முறையில் பத்து நிமிடங்களாவது தொடர வேண்டும் என்ற முந்தைய விதி 2020 வழிகாட்டுதலில் கைவிடப்பட்டது. சிறு சிறு இயக்கங்களும் கணக்கில் சேரும். நாளொன்றுக்கு 10,000 அடிகள் என்னும் எண் 1960களில் சப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவியின் பெயரிலிருந்து பரவியது. அது மருத்துவ ஆய்விலிருந்து பெறப்பட்டது அன்று. பதினைந்து ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான கட்டுரையின்படி, இறப்பு வாய்ப்புக் குறைவது 60 வயதுக்கு மேற்பட்டோரில் 6,000 முதல் 8,000 அடிகளிலும், இளையோரில் 8,000 முதல் 10,000 அடிகளிலும் சமநிலையை அடைகிறது. இயக்கமே இல்லாத ஒருவர் சிறிதளவு நடக்கத் தொடங்கும்போதே மிகுதியான பயன் கிடைக்கிறது.

இதய நோயாளிகளும் உடற்பயிற்சியும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாரடைப்பு வந்தவர்கள் பல வாரங்கள் முழுப் படுக்கையில் வைக்கப்பட்டனர். 1950களில் இம்முறை கேள்விக்குள்ளானது. இன்று நிலைப்பட்ட நோயாளிகளை ஓரிரு நாட்களிலேயே எழுந்து நடக்கச் செய்கின்றனர். பின்னர் மேற்பார்வையுடன் படிப்படியாகப் பயிற்சி அளிக்கும் இதய மறுவாழ்வு முறை, இதய நோயால் ஏற்படும் இறப்பைக் குறைப்பதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன.

இந்தியாவில் இத்தகைய மறுவாழ்வு மையங்கள் குறைவு. இதற்கு மாற்றாக யோகப் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட முறை ஒன்று இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் 3,959 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2020இல் முடிவுகள் வெளியாயின. நோயாளிகள் தம் உடல்நலத்தைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பீடும், பழைய வேலைகளுக்குத் திரும்பும் அளவும் மேம்பட்டன. இறப்பும் மறு மாரடைப்பும் குறைந்ததாக இவ்வாய்வால் உறுதிசெய்ய இயலவில்லை.

எச்சரிக்கைகள்

பழக்கமில்லாத ஒருவர் திடீரெனக் கடும் உழைப்பில் ஈடுபடும்போது மாரடைப்பு வாய்ப்பு சிறிது நேரத்திற்கு உயர்கிறது. ஒழுங்காக இயங்குபவர்களுக்கு இவ்வுயர்வு மிகக் குறைவு. எனவே மெதுவாகத் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவது பாதுகாப்பானது. இதய நோய், நீரிழிவு, உயர் குருதியழுத்தம் உள்ளவர்களும், நெடுங்காலம் இயக்கமின்றி இருந்தவர்களும் கடும் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரின் அறிவுரையைப் பெற வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி செய்யலாகாது. சித்திரை, வைகாசி மாதங்களில் சமவெளிகளில் வெயில் கடுமையாக இருப்பதால் அதிகாலையிலோ மாலையிலோ நடப்பது நன்று.

நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றிற்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். இவற்றை வாயுத் தொல்லை என்று எண்ணிக் காலம் தாழ்த்துவதால் பல உயிர்கள் இழக்கப்படுகின்றன. நீரிழிவு நோயாளிகளுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு ஏற்படலாம். தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணில் அவசர ஊர்தியை அழைக்கலாம். தமக்கே வண்டி ஓட்டிச் செல்லுதல் கூடாது.

அரசின் முயற்சிகள்

இந்திய அரசு 2019 ஆகத்து 29 அன்று பிட் இந்தியா இயக்கத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், உயர் குருதியழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்துகளும் இயன்முறை மருத்துவமும் வீடுகளுக்கே சென்று அளிக்கப்படுகின்றன. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு முதல்நிலை மருந்துகளை ஊர்ப்புறச் சுகாதார நிலையங்களிலேயே வழங்க வழிசெய்யப்பட்டது. 2023 நவம்பர் 4 அன்று நடப்போம் நலம் பெறுவோம் என்னும் திட்டத்தின்கீழ் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கப்பட்டன.

நடைபாதைகள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரங்களை ஒட்டியே அமைகின்றன. சிறு ஊர்களில் பள்ளி மைதானம், கண்மாய்க் கரை, போக்குவரத்துக் குறைந்த ஊர்ச்சாலை ஆகியவையே நடப்பதற்குரிய இடங்களாக உள்ளன. அவ்விடங்களில் விளக்கும் பாதுகாப்பும் இருந்தால் பெண்களும் முதியோரும் தயக்கமின்றி நடக்க இயலும்.

இவற்றையும் பார்க்க

- மாரடைப்பு
- உயர் குருதியழுத்தம்
- நீரிழிவு நோய்
- நடைப்பயிற்சி
- எரியோடு